வெந்நீர்க் குழாயும் ரப்பர் செருப்பும்

திருமுல்லைவாயில்
9.8.1987

மாதா துணை

ஜெயசீலி அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஹீட்டர்.

நீங்கள் மாற்றலாகி ஜபல்பூர் போய் இறங்கிய வாரமே அது முனக ஆரம்பித்துவிட்டது என்று எழுதினேன். பதிலுக்கு அங்கே ரொட்டி வேகவில்லை என்று எழுதினீர்கள். இப்போது அது முனகுவதோடு நிற்கவில்லை. அடியில் சொட்டுகிறது. ஒரு வாளி தண்ணீர் சுடுவதற்குள் முழு ஜெபமாலையும் சொல்லி முடித்துவிடலாம். சுட்ட தண்ணீரில் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஏதோ வருகிறது. இதெல்லாம் போகட்டும். பித்தளைக் குழாயைத் திறந்தால் ஷாக் அடிக்கிறது. எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இல்லை, முழங்கை வரை இழுக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். "என் மவன் கையால செஞ்சது யாரையும் கடிக்காது" என்றார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? முட்டி வலிக்காக மர ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார்கள். வாளியை ரொப்பி வைப்பது நான். ஜெயசீலிக்கும் நான்தான் பிடித்து ஊற்றுகிறேன். இந்த வீட்டில் அந்தக் குழாயைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு பைப்பைப் பிடுங்கிவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் பைப் போட்டுக் கொடுத்தீர்களே, அந்தக் குளியலறையில் உருப்படியானது அது ஒன்றுதான். துரு நாற்றம் போயே போய்விட்டது. இவள் எப்போதும் குறைதான் சொல்வாள் என்று நினைக்கக் கூடாதே, அதற்காக இதையும் எழுதுகிறேன்.

கல்யாணமான வருஷம் நீங்கள் செய்தது. பதினோரு வருஷம் உழைத்துவிட்டது. நவம்பரில் எனக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குத் தினம் வெந்நீர் வார்க்க வேண்டும் என்று அத்தையே சொல்கிறார்கள். இந்த வயிற்றோடு அடுப்பிலிருந்து குண்டான் தூக்க என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா அம்பத்தூர் கடையிலிருந்து புது ஹீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். நாமும் வாங்கலாம். ஆனால் உங்களைக் கேட்காமல் ஒரு ஆணி கூடப் பிடுங்கக் கூடாது என்பது அத்தை உத்தரவு. அதனால் "வாங்கு" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
18.8.87

அன்பு ஞானம்,

வாங்காதே.

கடையில் விற்பது ஹீட்டரே இல்லை. தகரத்துக்குப் பெயின்ட் அடித்து ஹீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறான். நம் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு அது இரண்டு மழைக்காலம் தாங்காது. நம்முடையது மூர் மார்க்கெட்டில் நானே தட்டிப் பார்த்து எடுத்த செம்புத் தகடு. தொழிற்சாலையில் யுத்த டாங்கிக்கு வெல்டிங் வைக்கும்போது கூட அத்தனை அக்கறை எடுத்ததில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து கழற்றி சொந்த வீட்டில் மாட்டிய பிறகும் ஒரு நாள் மக்கர் செய்யவில்லை. நான் இருந்தவரை அது யாரையாவது அடித்ததா? நீயே சொல்.

சொட்டும் இடத்தில் பழைய நூலை இறுக்கிச் சுற்றி வை. குழாயைத் திறக்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு திற. ஒன்றும் ஆகாது. கண்ட ஆளைக் கூப்பிட்டு அதில் கை வைக்க விடாதே. அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடு. ரொட்டி இன்னும் வேகவில்லை.

பிரகாசம்


திருமுல்லைவாயில்
30.8.1987

ஜெயசீலி அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியது ரொம்பச் சரி. நீங்கள் இருந்தவரை அது யாரையும் அடிக்கவில்லை. நீங்கள் போன பிறகுதான் கற்றுக்கொண்டது.

செருப்பு போட்டுக்கொண்டு போனேன். "குளிக்கிற எடத்துல செருப்பா? உங்க வூட்ல இப்படித்தான் வளத்தாங்களா?" என்று அத்தை ஆரம்பித்தார்கள். உங்கள் மகன் சொன்னது என்றேன். அவன் ஆயிரம் சொல்வான் என்றார்கள். ஹீட்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னால் வேதவாக்கு, செருப்பு விஷயத்தில் இல்லை.

மனசு கேட்காமல் நம் தெரு எலக்ட்ரீஷியன் துலுக்கானத்தைக் கூப்பிட்டேன். குளியலறை வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவே இல்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணி, வேற இன்னா வேலைன்னாலும் சொல்லு, செஞ்சி குட்த்துட்டுப் போறேன். அண்ணாத்தே கட்ன இதுல மட்டும் கை வெக்க மாட்டேன். போன தபா சுவிட்ச் போர்டைத் தொட்டதுக்கு அவரு வுட்ட டோஸு இன்னும் காதுலயே கீது" என்றார்.

ஆவடி கஜபதிக்கு ஆள் அனுப்பினேன். யார் வீடு என்று கேட்டாராம். பிரகாசம் வீடு என்றதும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, வர முடியாது என்றாராம். ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் பாக்கியில்லாமல் திட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்கு வட்டி நான் கட்டுகிறேன்.

மறுபடி துலுக்கானத்தின் கையைக் காலைப் பிடித்தேன். உள்ளே வந்து அடிமூடியைப் பார்த்தார். "இந்த போல்ட்டுக்கு ஸ்பானர் எந்தக் கடையிலயும் கெடைக்காது அண்ணி. அவரே செஞ்சிகினாரு" என்றார். அந்த ஸ்பானர் உங்கள் பெட்டியில் ஜபல்பூரில் இருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவர் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனது எனக்கு இன்னும் புரியவில்லை. பார்சலில் அனுப்புங்கள். உள்ளே தண்ணீரைச் சுட வைக்கும் காயிலை மாற்றினால் சரியாகலாம் என்கிறார்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
12.9.87

அன்பு ஞானம்,

ஸ்பானரை அனுப்ப மாட்டேன். கோபப்படாதே, காரணம் சொல்கிறேன். துலுக்கானம் அதைத் திறந்தால் திரும்ப மூடத் தெரியாது. வாஷரைக் கோணலாகப் போட்டு, ஆணியை அடிக்கிற மாதிரி போல்ட்டை அடிப்பான். அவன் சுவிட்ச் போர்டில் செய்த வேலையைப் பார்த்தவன் நான்.

ஷாக்கைப் பற்றி நிதானமாக யோசித்தேன். ஜெயசீலி வயிற்றில் இருக்கும்போதும் உனக்குக் கை மரத்துப்போகும், நினைவிருக்கிறதா? டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். நான் பக்கத்தில் இல்லாததால் மனசும் சேர்ந்துகொண்டிருக்கும். டானிக் சாப்பிடு.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மதராஸி என்கிறார்கள். ஆவடியில் என் வெல்டிங்கைப் பார்க்க அடுத்த செக்ஷனிலிருந்து வருவார்கள். இங்கே ஸ்டோரில் வெல்டிங் கம்பி எண்ணும் வேலை கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் குளிரில் எழுந்திருக்கும்போது, இந்நேரம் என் வீட்டில் என் கையால் செய்ததில் தண்ணீர் சுடுகிறது, என் பிள்ளை அதில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதையும் கழற்றிப் போட்டுவிட்டால் அந்த வீட்டில் நான் எங்கே இருக்கிறேன்?

அக்டோபர் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். பிரசவத்துக்கு முன்னால் வந்து நானே பிரித்துச் சரி செய்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

பிரகாசம்


திருமுல்லைவாயில்
4.10.1987

ஜெயசீலி அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. அந்த இடத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்த பிறகு ஆத்திரம் வந்தது. நீங்கள் இந்த வீட்டில் எங்கே இருக்கிறீர்கள் என்றா கேட்கிறீர்கள்? என் வயிற்றில் இருக்கிறீர்கள். ஜெயசீலியின் மூக்கில் இருக்கிறீர்கள். குளியலறைச் சுவரில்தான் இருப்பேன் என்று அடம் பிடித்தால் நான் என்ன செய்ய?

போன வியாழக்கிழமை நல்ல மழை. சுவரெல்லாம் ஓதம். செருப்பு பின்கட்டில் நனைந்து கிடந்தது. ஜெயசீலிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று வெறுங்காலோடு போய்க் குழாயைத் திறந்தேன். கை குழாயை விட்டு வரவில்லை. எப்படி விடுபட்டேன் என்று தெரியாது. சொம்பு எங்கேயோ போய் விழுந்தது. நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வயிற்றில் அசைவே இல்லை. மத்தியானமும் இல்லை. அத்தை சோம்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். இடது பக்கம் படுத்தேன். பாட்டு பாடினேன். ஜமீலா அக்கா ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் இறங்கும்போது உள்ளே ஒரு உதை விட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் எல்லாம் நன்றாயிருக்கிறது என்றார். அத்தை ஜமீலா அக்காவிடம், "மயக்கத்துல விழுந்துட்டா, ரத்தம் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் நரம்பு என்றுதான் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். லீவு கிடைத்ததா என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
13.10.87

அன்பு ஞானம்,

லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் தருவார்களாம். அதிகாரி காலில் விழாத குறை.

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இனி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குழாயில் கை வைக்க வேண்டும். அம்மாவிடமும் சொல்.

ஆனால் ஞானம், எனக்கு இது விளங்கவே மாட்டேன் என்கிறது. அந்த ஹீட்டரில் ஷாக் அடிக்க வழியே இல்லை. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு பச்சை ஒயர் இறங்கும், பார். அது எர்த்து. உள்ளே கரண்டு எங்கே கசிந்தாலும் அந்த ஒயர் இழுத்துக்கொண்டு போய்விடும். அது பைப்பில் இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்துப் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுது. இறுக்கமாக இருந்தால் ஹீட்டரில் கோளாறு இல்லை. கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது.

பிரகாசம்


திருமுல்லைவாயில்
21.10.1987

ஜெயசீலி அப்பாவுக்கு,

உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

சுவிட்சை அணைத்தேன். பச்சை ஒயர் ஹீட்டரிலிருந்து இறங்கி, நீங்கள் போட்டுக் கொடுத்த வெள்ளை பிளாஸ்டிக் பைப்பில் வந்து நிற்கிறது. கிளிப் போட்டு அழகாக முடுக்கியிருக்கிறீர்கள். இழுத்தேன், அசையவில்லை. என் தாலி முடிச்சு கூட இத்தனை கெட்டி இல்லை.

ஆக, ஒயர் சரி, ஹீட்டர் சரி, செய்தவரும் சரி. கோளாறு நான்தான் போலிருக்கிறது. என்னைப் பிரித்துப் பார்க்கவும் உங்கள் ஸ்பானர்தான் வேண்டுமோ?

ஞானகுமாரி


ஜபல்பூர்
27.10.87

ஞானம்,

இது வருவதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். வந்ததா? மெயினை அணைத்தாயா? ஜெயசீலியை அந்த அறைப்பக்கம் விடாதே.

உன் கடிதத்தை அறையில் கூட இருக்கும் நாகேந்திரனுக்குப் படித்துக் காட்டினேன். தாலி முடிச்சு என்று எழுதியிருந்தாயே, அவன் சிரிக்கட்டும் என்றுதான். அவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். பிளாஸ்டிக் பைப்பில். பிளாஸ்டிக் பைப்பில் என்று எழுதியிருக்கிறாய்.

எர்த்து கட்ட வேண்டியது இரும்பு பைப்பில். இரும்பு பைப் மண்ணுக்குள் போகிறது, கசிகிற கரண்டை அது மண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும். கிளம்புகிற அவசரத்தில் அந்த இரும்பு பைப்பை நானே பிடுங்கினேன். வெள்ளை பைப்பை நானே போட்டேன். கைப்பழக்கத்தில் கிளிப்பைப் பழைய இடத்திலேயே மாட்டி, முடுக்கியும் விட்டேன். பிளாஸ்டிக்கில் கரண்டு போகாது, ஞானம். சின்னப் பையனுக்குத் தெரியும். போக வழியில்லாமல் அது இத்தனை மாதமாக உன் வழியாகப் போயிருக்கிறது.

செருப்பு போட்டதால் நீ இருக்கிறாய். அந்த வியாழக்கிழமையை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கழற்றிப் போடு. அம்பத்தூர் கடையிலேயே வாங்கு. தகரமாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்பானரை இன்றைக்கே பார்சலில் அனுப்பிவிட்டேன். எல்லோரும் நலம் என்று ஒரு கார்டு போடு.

பிரகாசம்


ஜபல்பூர்
9.11.87

ஞானம்,

கார்டு வரவில்லை. தபால்காரன் என்னைக் கண்டாலே வேறு பக்கம் பார்க்கிறான். திட்டியாவது ஒரு வரி எழுது.

பிரகாசம்


திருமுல்லைவாயில்
22.11.1987

மாதா துணை

ஜெயசீலி அப்பாவுக்கு,

பையன். பன்னிரண்டாம் தேதி பிறந்தான். நல்ல எடை. நெற்றி உங்கள் நெற்றி. பிடிவாதமும் உங்களுடையதுதான், பாலுக்கு அழ ஆரம்பித்தால் தெருவுக்கே கேட்கிறது. எல்லோரும் நலம். தாமதமாகச் சொல்கிறேன் என்று தெரியும். வேண்டுமென்றேதான்.

உங்கள் தந்தி வந்த கதையைக் கேளுங்கள். நம் வீட்டுக்கு இதுவரை வந்த தந்தியெல்லாம் சாவுக்குத்தான். மழையில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே அத்தை, "ஐயோ, என் ராசா" என்று வாசலில் விழுந்துவிட்டார்கள். காகிதத்தை யாரும் பிரிக்கவில்லை. அத்தை மாரில் அடித்துக்கொள்கிறார்கள், ஜெயசீலி என் புடவையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள், எனக்குக் காது அடைத்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. ஜமீலா அக்காதான் பிடுங்கிப் படித்தார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. ஹீட்டரைப் போடாதே, மெயினை ஆப் பண்ணு, குழாயைத் தொடாதேன்னு அடிச்சிகீறாரு" என்றார்கள்.

அத்தை எழுந்து உட்கார்ந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். "அப்ப நீ சொன்னதெல்லாம் நெசமாடி?" என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உங்களைத் திட்டியதை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது, மேலே மாதா பெயர் போட்டிருக்கிறேன்.

முட்டி வலியோடு குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களே துலுக்கானம் வீட்டுக்குப் போனார்கள். "என் மவனைக் கேக்க வேணாம், பெத்தவ சொல்றேன், கழட்டிப் போடு" என்று கூட்டி வந்தார்கள். உங்கள் ஸ்பானர் வரும் வரை யார் காத்திருப்பது? தாங்கியை ரம்பத்தால் அறுத்து, நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். டாங்கிக்காரர் வேலை என்றால் சும்மாவா? இறக்கும்போது துலுக்கானம், "அண்ணாத்தே கையே கை, இன்னா கனம் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்கட்டில் கிடக்கிறது. ஸ்பானர் பிறகு வந்தது. அதன் மேல் வைத்திருக்கிறேன். வந்து நீங்களே திறந்து உப்பைச் சுரண்டிக்கொண்டிருங்கள்.

கார்டு ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். தந்தியைப் படித்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆகஸ்டிலிருந்து என் கையில் அடிக்கிறது என்று எழுதினேன். என் பிள்ளை அசையவில்லை என்று எழுதினேன். முதலாவதற்கு டானிக் சாப்பிடச் சொன்னீர்கள், இரண்டாவதற்கு ஒயரை இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஒயர் எங்கே கட்டியிருக்கிறது என்று எழுதினதும் தந்தி அடிக்க ஓடினீர்கள். ஒயர் சொன்னதை நம்பினீர்கள், நான் சொன்னதை நம்பவில்லை. இது என் நெஞ்சில் கிடக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத எனக்கு வராது.

புது ஹீட்டர் முனகுவதில்லை. எர்த்துக்காக வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் கம்பி இறக்கியிருக்கிறார்கள். துலுக்கானம் குழாய் மேல் டெஸ்டரை வைத்துக் காட்டினார், எரியவில்லை. அத்தை தினமும் எனக்கு இடுப்பில் வெந்நீர் வார்க்கிறார்கள். ஆவி பறக்கப் பறக்க வார்த்துவிட்டு, "சூடு போதுமாடி?" என்று கேட்கிறார்கள். முன்னெல்லாம் கேட்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனாலும் செருப்பு போடாமல் அந்த அறைக்குள் என் கால் போக மாட்டேன் என்கிறது. அத்தை இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் நீங்கள் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். ரயில் அழுக்கோடு பிள்ளையைத் தூக்க விடமாட்டேன், முதலில் குளிக்க வேண்டும். குளியலறையில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயை நீங்கள் திறங்கள். நான் வாசற்படியில் பிள்ளையோடு நின்று பார்க்கிறேன். அதற்கப்புறம் என் செருப்பைக் கழற்றுகிறேன்.

ஞானகுமாரி